காவாந்தண்டலத்துக்கு வந்த கடல் பசு

போன வாரம் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரோ எழுதியது என்றுதான் நினைத்தேன். எனக்கு வரும் கார்டுகள் இரண்டு ரகம். 'நீங்கள் எழுதியது அப்படியே எங்கள் வீட்டிலும் நடந்தது' – இது ஒரு ரகம். 'உமக்கு எழுத வேறு விஷயமே அகப்படவில்லையா?' – இது இன்னொரு ரகம். எந்த ரகம் அதிகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்தக் கார்டு இரண்டிலும் சேரவில்லை. ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து காளிமுத்து என்கிற மீனவர் எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாரையோ உட்கார வைத்து எழுத வைத்திருக்கிறார். குண்டு குண்டான எழுத்து.

'மதிப்பிற்குரிய ஐயாவுக்குக் காளிமுத்து எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். போன வெள்ளிக்கிழமை நம்ம வலையில் ஆவுளியா ஒன்று பட்டுவிட்டது. குட்டி பக்கத்திலேயே சுத்திச் சுத்தி வந்தது. கூட வந்தவர்களுக்கு இஷ்டமில்லை. நான் வலையை அறுத்து விட்டேன். தாயும் குட்டியும் போய்விட்டன. அந்த அம்மாவுடைய மாடு இப்போது எப்படி இருக்கிறது? தெரிவிக்கவும்.'

படித்தேன். மேஜைமேல் வைத்தேன். மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நல்ல சேதிதானே? எட்டு வருஷமா இதைத்தானே தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டிருக்கீங்க? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

நல்ல சேதிதான். சந்தேகமே இல்லை. கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

'அந்த அம்மாவுடைய மாடு எப்படி இருக்கிறது?'

எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

எந்த அம்மா? எந்த மாடு? அதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? – கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பெருமை தராத கதை.

நான் பகலில் ஒரு சர்க்கார் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று இதுவரை சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம்தான். சரி, சொல்லிவிடுகிறேன். கடல் பசுவைக் கொல்லாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் வேலை.

கடல் பசு என்பது கதையில் வருவதல்ல. நிஜமான பிராணி. ராமநாதபுரத்துக் கடலில் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் ஆவுளியா என்பார்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய பெரிய உடம்பு. தண்ணீருக்கடியில் வளரும் புல்லைத்தான் மேயும். மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதி. நம்மைப் போல மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாது. மூச்சு முட்டிச் செத்துப்போகும். செத்தால் கறி. சாகாவிட்டால் சாகடித்துக் கறி. கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை யார் படிக்கிறார்கள்? அதனால்தான் நான் போகிறேன்.

ஒரு ஜீப், ஒரு டிரைவர், ஸ்லைடு காட்டும் மெஷின் ஒன்று, பெட்டி நிறைய ஸ்லைடு. கடற்கரையில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டிப் பேசுவேன். ஒன்பதாவது ஸ்லைடில் தாயும் குட்டியும். அங்கே நிறுத்திவிடுவேன். 'தாயை நீங்கள் படகில் ஏற்றிவிட்டால், குட்டி படகையே சுற்றிச் சுற்றி வருமாம்...' என்று சொல்லிவிட்டு ஒரு இடைவெளி. குரல் லேசாகக் கம்ம வேண்டும். முதல் வருஷம் நிஜமாகவே கம்மியது. அப்புறம் பழகிவிட்டது. ஏழாவது வருஷத்தில், கம்மிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் கற்றுக்கொண்டிருந்தேன்.

எதிரே இருப்பவர்கள் கேட்டுக்கொள்வார்கள். "சரிங்க ஐயா" என்பார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். மறுநாள் கடலுக்குப் போவார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் இட்லி தின்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போவேன்.

சலித்துவிட்டது. வேறு வார்த்தை இல்லை. சலித்துப்போனவன் செய்யும் தப்பு எப்படிப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

போன வருஷம் எங்கள் ஆபீஸில் டூர் புரோகிராம் போடுவதற்குப் புது குமாஸ்தா ஒருவர் வந்தார். என் ஃபைலைப் பார்த்தார். 'கடல் பசு பாதுகாப்பு முகாம்'. பசு என்று இருக்கிறதல்லவா? கால்நடை முகாம்களின் பட்டியலோடு சேர்த்துவிட்டார். எனக்கு ஆர்டர் வந்தது. செங்கல்பட்டு ஜில்லா, உத்திரமேரூர் வட்டாரம், காவாந்தண்டலம்.

காவாந்தண்டலம்! நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆர்டர் போட்டாச்சே... போய்ட்டு வந்துடுங்க. விழிப்புணர்ச்சி எல்லா ஜனங்களுக்கும் வேணும்தானே?"

சண்டை போட்டிருக்கலாம். இன்னொரு தடவை எழுதிக் கொடுத்திருந்தால்கூடப் போதும், மாற்றியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். ராமநாதபுரம் போனால் ராத்திரி முழுக்க ரயில். காவாந்தண்டலம் என்றால் சாயங்காலம் காபிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில்தான் முகாம். ஜீப் வாசலில் திரும்பியதும் டிரைவர் பிரேக் போட்டார். "சார்... எங்கே நிறுத்தறது?"

நிறுத்த இடமில்லை. பள்ளிக்கூடத்து மைதானம் முழுக்க மாடு.

கறவை மாடு, சினை மாடு, காயடிக்கக் கொண்டுவந்த காளை, காலில் புண் வைத்த எருமை. மாட்டுக்கு ஒரு ஆள். ஜீப்பைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "டாக்டர் வந்துட்டார்பா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். முனுசாமி. ஊரில் தண்டோரா போடுகிறவர். தோளில் இன்னும் தப்பட்டை தொங்கியது. "வாங்க டாக்டர் சார். நேத்து காலைலியே சுத்துப்பட்டு பூரா சொல்லிட்டேன். ஒரு மாடு பாக்கி இல்ல."

"என்னன்னு சொன்னீங்க?"

"பசு பாதுகாப்பு முகாம், மெட்ராஸ்லேர்ந்து பெரிய டாக்டர் வராரு, அல்லாரும் மாட்ட ஓட்டிக்கினு வாங்கன்னு."

"நோட்டீஸ்ல கடல் பசுன்னு இருந்திருக்குமே?"

முனுசாமி குரலைத் தாழ்த்தினார். என் மானத்தைக் காப்பாற்றுகிற குரல். "இருந்திச்சி சார். கடல்னு. இங்க கடல் எங்க கீது? ஏரின்னு போட்டிருந்தாக்கூட ஒரு நியாயம் கீது. அச்சுல தப்பா வுழுந்துட்டுதுன்னு நானே திருத்திட்டேன்."

குமாஸ்தாவின் கண்ணுக்கு 'கடல்' தெரியவில்லை. முனுசாமியின் கண்ணுக்குத் தெரிந்தது, தெரிந்ததால் எடுத்துவிட்டார். இரண்டு பேரில் யாரைக் குறை சொல்ல? முனுசாமியாவது யோசித்திருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை என்பதை ஜீப் படியில் ஏறி நின்று சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. ஜீப்பில் வருகிறவர், பேண்ட் போட்டிருக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார்... அப்புறம் எப்படி டாக்டர் இல்லாமல் போவார்? மீதிப் பேர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் போகவில்லை. வெயிலில் வந்தாகிவிட்டது, படமாவது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

எதிரே பஞ்சாயத்து ரேடியோ ரூமிலிருந்து ஒயர் இழுத்தோம். ஜன்னல்களில் கோணி கட்டி இருட்டாக்கினோம். உள்ளே அறுபது பேர், அனல். வெளியே மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. நான் ஆரம்பித்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் கூட்டத்தில் கேள்விகள் வந்தன.

"இதுக்குக் கொம்பு இல்லியா?"

"இல்லைங்க."

"காலு?"

"காலும் இல்லை. துடுப்பு மாதிரி..."

"மடி எங்க கீது?"

"அக்குள் பக்கத்தில்."

சிரிப்பில் கூரை ஓடு அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் சிரிக்காமல் கேட்டார். "ஒரு வேளைக்கு எத்தினி லிட்டர் கறக்கும்?"

நானும் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆபீஸில் போய் இந்தக் கதையைச் சொல்லலாம், இந்தப் பக்கத்தில்கூட எழுதலாம் என்று மனசில் குறித்துக்கொண்டேன். ஒன்பதாவது ஸ்லைடு வந்தது. தாயும் குட்டியும். குரலைக் கம்ம வைக்கத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

வெளியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "டாக்டர் சார்! டாக்டர் சார்! இங்க வாங்களேன்!"

புளியமரத்தடியில் ஒரு சிவப்புப் பசு படுத்துக் கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது. பின்பக்கம் ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. ஒரே ஒரு குளம்பு. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அந்தோணியம்மா. காலனியைச் சேர்ந்தவள், நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். முப்பத்தைந்து வயசிருக்கும்.

"காலைலேர்ந்து முக்கிக்கினே கீது சார். பனிக்குடம் ஒடஞ்சி எம்மா நேரமாச்சி. ஒரு காலு வந்திச்சி, இன்னொன்னு வரல. எதுனா பண்ணு சார்."

"அம்மா, நான் டாக்டர் இல்லை..."

"படம்லாம் காட்டினு இருந்தீங்களே?"

"அது கடல் பசும்மா."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமில்லை. புரியவில்லை, அவ்வளவுதான். "பசுதானே சார்?" என்றாள்.

உத்திரமேரூரில் மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அங்கே இல்லை. கம்பவுண்டர் சொன்னார்: "காவாந்தண்டலத்துக்குத்தான் இன்னைக்கு மெட்ராஸ்லேர்ந்து பெரிய டாக்டர் வராருன்னு சொன்னாங்களே சார்... அதான் இவர் புள்ளலூர் பக்கம் போயிட்டாரு."

அந்தப் பெரிய டாக்டர் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டரைத் தேடிப் பிடித்து, சைக்கிளையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நல்ல மனுஷர். சட்டையைக் கழற்றினார். பள்ளிக்கூடத்துச் சோப்பால் தோள்வரைக்கும் கையைக் கழுவினார். கன்றின் இன்னொரு கால் உள்ளே மடங்கியிருந்தது. அதை நேராக்கி, கயிறு போட்டு, முனுசாமியும் டிரைவரும் நானும் சேர்ந்து இழுத்தோம்.

வந்தது. கிடேரிக் கன்று. சிவப்பு, நெற்றியில் வெள்ளை.

மூச்சு இல்லை. அந்தோணியம்மா அதன் மூக்கைத் துடைத்தாள். வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டுப் பார்த்தாள். வாயை வைத்து ஊதினாள். தலைகீழாகத் தூக்கச் சொன்னாள், தூக்கினோம். டாக்டர் அவள் தோளைத் தொட்டு, போதும் என்பதுபோல் தலையாட்டினார்.

"மாடு பொயைக்குமா சார்?"

"பிழைச்சுடும். நேத்தே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டு வந்திருந்தா கன்னும் பிழைச்சிருக்கும். ஏம்மா, நாள் தாண்டிப்போச்சுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். நேத்து காலைல கயித்த அவுத்து ஓட்டிக்கினு கெளம்பிட்டேன். ரோட்டுக்கு வந்தப்பதான் தண்டோரா வந்திச்சி. நாளைக்கு நம்ம ஊருக்கே பெரிய டாக்டர் வராருன்னாங்க. சினை மாட்ட அம்மாந்தூரம் நடக்க வெக்கணுமான்னு திரும்பிட்டேன்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. முனுசாமி தப்பட்டையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மாடு அவளுடையதும் இல்லை. வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்கிற மாடு. நிலம் வைத்திருப்பவர் மாட்டைக் கொடுப்பார், இல்லாதவர் வளர்ப்பார். முதல் ஈத்தில் பிறக்கும் கன்று மாட்டுக்காரருக்கு, அடுத்த ஈத்து வளர்ப்பவருக்கு. தலையீத்துக் கன்று மாட்டுக்காரர் வீட்டில் வளர்கிறது. இது இரண்டாவது. அந்தோணியம்மாவின் முறை. தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் முதன்முதலாக ஒரு மாடு பிறக்க இருந்தது.

மாடு தட்டுத்தடுமாறி எழுந்தது. கன்றிடம் வந்தது. நக்க ஆரம்பித்தது. நக்கிக்கொண்டே இருந்தது. கன்றைச் சுற்றி வந்து மறுபடி நக்கியது. உள்ளே வகுப்பறையில் மெஷினை அணைக்க நான் மறந்திருந்தேன். திறந்திருந்த கதவு வழியே சுவரில் ஒன்பதாவது ஸ்லைடு தெரிந்தது. ஏழு வருஷமாகக் குரலைக் கம்மவைத்து நான் விற்றுக்கொண்டிருந்த சமாச்சாரம் எதிரே நின்று நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

கிளம்பும்போது அந்தோணியம்மாவிடம் போனேன். என்ன சொல்வது? மன்னிப்பு என்று ஏதோ முனகினேன்.

"நீ இன்னா சார் பண்ணுவ... ஒனக்குத் தெரிஞ்சது கடல்ல கீது" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஜீப்பில் வரும் வழியெல்லாம் அது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஆபீஸில் முகாம் அறிக்கை பூர்த்தி செய்தேன். கலந்துகொண்டோர்: அறுபது. கேட்கப்பட்ட கேள்விகள்: ஏராளம். பொதுமக்கள் ஆர்வம்: மிக நன்று. இதர குறிப்புகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினேன். இந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அந்த வாரம் ரேஷன் கடையைப் பற்றி எழுதினேன், ஞாபகமிருக்கலாம். நன்றாக இருந்தது என்று கார்டுகூட வந்தது.

இரண்டு மாசம் கழித்து, வழக்கம்போல் ராமநாதபுரம். காளிமுத்துவின் ஊர். கரண்ட் போய்விட்டது. ஸ்லைடு இல்லை. ஜனங்கள் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் நிற்கிறேன். என் பேச்செல்லாம் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பேச்சு. அது இல்லாமல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

என்ன தோன்றியதோ... காவாந்தண்டலத்துக் கதையைச் சொல்லிவிட்டேன். தண்டோரா, குளம்பு, வைக்கோல் துரும்பு, எல்லாம். என் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன். கடல் பசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கிராமத்துக்கு நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கூட்டத்தின் கடைசியில் ஒருவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலையைத் தூக்கவே மாட்டார். அன்றைக்குத் தூக்கினார். அவர்தான் காளிமுத்து.

"இப்ப அந்த மாடு எப்படிங்கய்யா இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

பொய். நான் விசாரிக்கவே இல்லை. காவாந்தண்டலம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது புரிகிறதா, போன வாரம் வந்த கார்டைப் பார்த்து என் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று? ஒரு மனுஷன் என் பேச்சைக் கேட்டு ஒரு தாயையும் குட்டியையும் விட்டிருக்கிறான். எட்டு வருஷத்தில் எனக்குத் தெரிந்து முதல் தடவை. பதிலுக்கு ஒரே ஒரு விவரம் கேட்கிறான். என்னிடம் அது இல்லை. இன்னொரு தடவை 'நல்லா இருக்கு' என்று எழுதிப் போட எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்தேன். ஜீப் இல்லை, ஆர்டர் இல்லை, சொந்த டிக்கெட். காஞ்சிபுரத்தில் மாறி, காவாந்தண்டலத்தில் இறங்கி, காலனிக்கு வழி கேட்டேன். வழி சொன்ன ஆள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தக் கடல் மாட்டு டாக்டர் இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். மறுப்பதற்குத் தெம்பில்லை.

அந்தோணியம்மா வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அதே சிவப்பு மாடு. வயிறு கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வாங்க சார். இன்னா இம்மாந்தூரம்? இங்க எதுனா கேம்பா?"

"இல்லம்மா. மாடு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் முந்தானையால் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். "நல்லாதான் கீது. சினை புடிச்சி அஞ்சி மாசம் ஆவுது."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "பரவாயில்லையே! இந்தக் கன்னு உனக்குத்தானே?" என்று உற்சாகமாகக் கேட்டேன்.

"இல்ல சார். செத்துது என் மொறை. இது அவங்க மொறை."

"அது எப்படி? செத்துப்போன கன்னு எப்படிக் கணக்காகும்?"

"ஈத்து ஈத்துதானே சார். அவங்க மேல இன்னா தப்பு? அப்பால வர்றது என்னுது." மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள். குரலில் ஒன்றுமில்லை. மழை வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

பையிலிருந்து காளிமுத்துவின் கார்டை எடுத்தேன். படித்துக் காட்டினேன். உன் மாட்டுக் கதையைக் கேட்டுத்தான் அந்த மனுஷர் தாயையும் குட்டியையும் விட்டிருக்கிறார் என்று விளக்கினேன். சொல்லும்போது என் குரல் கம்மியது. இந்தத் தடவை நான் கம்ம வைக்கவில்லை.

அவள் கவனமாகக் கேட்டாள். ஆவுளியா என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். மூச்சுக்கு மேலே வர வேண்டும் என்றதும், "அய்ய... நம்ம கன்னு மாதிரி" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்படுவாள், ஒரு கன்று போனாலும் ஒரு குட்டி பிழைத்ததே என்பாள், நான் கொஞ்சம் லேசாகத் திரும்பிப் போகலாம்... அதற்குத்தான் வந்தேனோ என்னவோ.

அவள் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"வலைய அறுத்துட்டாருன்னா... வலை போச்சே சார். அப்பால அவரு எத்த வச்சிக்கினு மீன் புடிக்கிறாரு?"

எட்டு வருஷம். எத்தனை ஊர், எத்தனை கூட்டம். வலையில் சிக்கினால் அறுத்து விட்டுவிடுங்கள் என்று ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். கார்டை ஒரு வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஊரார் எல்லாம் 'சரிங்க ஐயா' என்று ஏன் நிறுத்திக்கொண்டார்கள் என்று அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு என்னிடம் கேட்க இருந்தது இது ஒன்றுதான். கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அது அவர்களுக்குத் தெரியும்.

"தெரியலம்மா" என்றேன்.

"கேட்டு எழுது சார். பாவம்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. நேற்று தபாலாபீஸில் ஒரு கார்டு வாங்கினேன். மாடு நன்றாக இருக்கிறது, சினையாக இருக்கிறது, அந்த அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் – எல்லாம் எழுதினேன்.

ஆனால் அதெல்லாம் இரண்டாவது வரியிலிருந்துதான். முதல் வரி: 'உங்கள் வலை என்ன ஆயிற்று?'